நான்கு கால்கள்

சமோகிதியாவின் காட்டோரக் குடிசைகளில் நான்கு கால் கொண்ட ஒரு பாம்பு இருந்தது. கறுத்துத் தடித்த உடல். மூன்று சாணுக்கு மிகாத நீளம். பல்லிக்கு இருப்பது போன்ற குட்டைக் கால்கள். வீட்டுத் தெய்வமாக அதை உள்ளேயே வைத்துப் போஷித்தார்கள். குறிப்பிட்ட நாட்களில் வீட்டைச் சுத்தம் செய்து, உணவு எடுத்து வைத்து, அது ஊர்ந்து வந்து தின்று வயிறு நிறைந்து தன் இடத்துக்குத் திரும்பும் வரை குடும்பத்தோடு அஞ்சி வணங்கி நின்றார்கள். வீட்டில் ஏதாவது கெடுதல் நேர்ந்தால், பாம்பைச் சரிவரக் கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்று தங்களையே நொந்துகொண்டார்கள். ஹப்ஸ்பர்க் தூதராக இருமுறை மாஸ்கோ சென்று வந்த சிகிஸ்முண்ட் ஃபான் ஹெர்பர்ஸ்டைன், 1549இல் வியன்னாவில் லத்தீனில் வெளியிட்ட நூலில் இப்படி எழுதியிருக்கிறார். சமோகிதியா என்பது இன்றைய லித்துவேனியாவின் மேற்குப் பகுதி. பாம்பின் பெயரை அவர் 'கிவோய்த்தஸ்' என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

நம்மிடம் ஒரு வழக்கு உண்டு; வதந்தியைப் பற்றிச் சொல்லும்போது கண், காது, மூக்கு வைத்துப் பேசுகிறார்கள் என்போம். ஹெர்பர்ஸ்டைன் கால் வைத்தார், அல்லது அவருக்குச் சொன்னவர் வைத்தார். லித்துவேனியர்கள் வீட்டில் வைத்திருந்தது ஜால்தீஸ். அது காலில்லாத, விஷமில்லாத, நீரோரத்தில் தவளை பிடித்துத் தின்னும் சாதாரணப் பாம்பு. நம் குளத்தில் நெளியும் தண்ணீர்ப் பாம்புக்கு உறவு. ஆனால் எழுத்தில் கால் முளைத்தபின் அதை யாராலும் எடுக்க முடியவில்லை. போலந்துக்காரரான லாசிட்ஸ்கி சமோகிதியர்களின் தெய்வங்களைப் பற்றி எழுதிய சிறுநூல் 1615இல் பேஸல் நகரில் அச்சானபோது அதிலும் அதே கறுத்த, தடித்த, நான்கு கால் பிராணி வருகிறது. ஏட்டிலிருந்து ஏட்டுக்கு நடந்து போவதற்குக் கால் தேவைப்பட்டிருக்கிறது போலும்.

இப்படித்தான் ஐரோப்பாவின் கடைசிக் காட்டில் ஒரு சாதுவான டிராகன் பிறந்தது. கடைசிக் காடு என்று நான் சொல்வது மிகையில்லை. லித்துவேனியா அதிகாரபூர்வமாக ஞானஸ்நானம் பெற்றது 1387இல்; சமோகிதியா 1413இல். கண்டத்தில் அதற்குப்பின் மதம் மாற்றப்பட வேண்டிய பிரதேசம் மிஞ்சவில்லை. மற்ற இடங்களில் டிராகன் என்றால் வாயில் நெருப்பு, குகையில் புதையல், பக்கத்தில் கட்டிவைக்கப்பட்ட இளவரசி, எதிரில் ஈட்டியோடு ஒரு குதிரை வீரன். இங்கே மட்டும் அது மூலையில் வைக்கோல்மேல் படுத்துச் சோறு தின்றுகொண்டிருந்தது. இது எப்படி என்ற கேள்வியை விட, இதை நமக்கு யார் சொன்னார்கள் என்ற கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முதலில் பிராணியைப் பற்றிக் கொஞ்சம். தொன்மம் பற்றி எழுதுகிறவர்கள் பிராணியைப் பார்க்காமலே எழுதிவிடுகிறார்கள். குறியீடு கிடைத்ததும் பாம்பு அவர்களுக்கு வேண்டாததாகிவிடுகிறது. ஜால்தீஸின் தலைக்குப் பின்னால் இரு பக்கமும் மஞ்சள் திட்டு இருக்கும். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அது முடி சூடியதுபோலத் தெரியும். கதைகளில் வரும் பாம்பரசனின் கிரீடம் இதுதான். இது முட்டையிடும் இனம். அவ்வளவு குளிரான வடக்கில் முட்டை பொரிய வேண்டுமானால் வெளியிலிருந்து வெப்பம் வேண்டும். அதனால் அது எருக்குழியையும் மட்கும் வைக்கோலையும் தேடி வருகிறது. எரு இருக்கும் இடத்தில் மாடு இருக்கிறது, மாடு இருக்கும் இடத்தில் மனிதன் இருக்கிறான். காட்டுப் பிராணி வீட்டுக்குள் வந்ததற்கு இதைவிடப் பெரிய மர்மம் தேவையில்லை. தொழுவத்தில் பாம்பு கிடந்தால் மாடு கறக்கும், கொன்றால் வற்றிவிடும் என்ற நம்பிக்கை அதன்மேல் வளர்ந்தது. பால் வைத்தார்கள். பாம்பு பால் குடிப்பதில்லை. இதை நம்மூரில் விலங்கியல் படித்தவர்கள் ஒவ்வொரு நாகசதுர்த்திக்கும் சொல்லிப் பார்க்கிறார்கள். புற்றில் பால் ஊற்றுகிறவளுக்கு அது தெரியாது என்று நினைப்பதுதான் படித்தவர்களின் மூடநம்பிக்கை.

ஆனால் நம்முடைய பாம்பு வழிபாட்டை அப்படியே எடுத்துக்கொண்டுபோய் அங்கே பொருத்திவிட முடியாது. நாம் கும்பிடுவது கடித்தால் சாகடிக்கிற பாம்பை. பயத்தில் அதற்கு நல்ல பாம்பு என்று பெயர் வைத்தோம். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்ற மொழியில் அந்த 'நல்ல' என்ற அடைமொழிக்கு ஒரு கெஞ்சல் இருக்கிறது. லித்துவேனியர்கள் கும்பிட்டதோ கடிக்கவே தெரியாத ஒன்றை. விஷப்பாம்புக்கு அவர்கள் மொழியில் வேறு சொல் இருக்கிறது: கிவாதே. உயிருள்ள என்று பொருள்படும் 'கிவஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. சமஸ்கிருத 'ஜீவ'வுக்கு உடன்பிறப்பு. ஜால்தீஸ் என்ற சொல்லைப் பச்சை நிறத்தோடு சேர்க்கிறார்கள். ஹெர்பர்ஸ்டைன் காதில் விழுந்த கிவோய்த்தஸ் முதல் சொல்லின் பக்கம் சாய்கிறது. ஆக, தூதருக்குச் சொன்னவர்களே இரண்டையும் குழப்பியிருக்கலாம். பயமில்லாமல் ஒன்றைக் கும்பிட முடியும் என்பதை வெளியாள் நம்பியிருக்க மாட்டான். அதனால் அதைக் கொஞ்சம் பயங்கரமாக்கிக் கேட்டுக்கொண்டான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்த வழக்கம் பழையது. 1070களில் வட ஜெர்மனியில் உட்கார்ந்து எழுதிய பிரேமன் நகர ஆதாம், பால்டிக் கடலின் கிழக்கே ஈஸ்ட்லாந்து மக்கள் டிராகன்களையும் பறவைகளையும் வணங்குவதாகவும், உடலில் மறு இல்லாத மனிதர்களை வியாபாரிகளிடம் வாங்கிப் பலி கொடுப்பதாகவும் எழுதுகிறார். அது லித்துவேனியா அல்ல, எஸ்டோனியா. மொழியும் குடியும் வேறு. ஆனால் லத்தீனில் 'டிராகோ' என்ற சொல்லுக்குப் பெரிய பாம்பு என்றும் அர்த்தம், டிராகன் என்றும் அர்த்தம். ஒரு மொழியின் அகராதி இன்னொரு மக்களின் தொழுவத்துக்குள் நுழைந்து பிராணியை மாற்றிவிட்டது.

இனி நெருப்புக்கு வருகிறேன். பிராகாவைச் சேர்ந்த ஜெரோம் என்ற துறவி, விதவ்தஸ் மன்னன் (ஆட்சி 1392-1430) காலத்தில் லித்துவேனியாவுக்கு மதம் பரப்பப் போனவர். இதே பெயரில் இதே ஊர்க்காரர் இன்னொருவர் உண்டு. யான் ஹுஸ்ஸின் தோழர், 1416இல் கான்ஸ்டன்ஸில் திருச்சபையால் எரிக்கப்பட்டவர். அவர் எரிந்தவர், இவர் எரித்தவர். குழப்பிக்கொள்ளக் கூடாது. பல ஆண்டுகள் கழித்து, பேஸல் திருச்சங்கத்தின்போது, இந்த ஜெரோம் தன் அனுபவங்களை ஈனியாஸ் சில்வியஸ் பிக்கொலோமினி என்ற இத்தாலிய அறிஞரிடம் சொன்னார். பிக்கொலோமினி 1458இல் ஐரோப்பாவைப் பற்றி எழுதிய நூலில் அதைச் சேர்த்தார். அதே ஆண்டில் இரண்டாம் பயஸ் என்ற பெயரில் போப்பாண்டவரும் ஆனார். ஜெரோம் முதலில் சந்தித்த லித்துவேனியர்கள் பாம்பை வணங்கியவர்கள். ஒவ்வொரு குடும்பத் தலைவனுக்கும் வீட்டு மூலையில் வைக்கோல்மேல் ஒரு பாம்பு இருந்தது. எல்லாவற்றையும் கொன்று சந்தைக்குக் கொண்டுவரச் சொல்லிப் பகிரங்கமாக எரித்தார். அவற்றில் ஒன்று மற்றவற்றைவிடப் பெரியது. எத்தனை முறை முயன்றும் நெருப்பு அதைத் தீண்டவில்லையாம்.

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். எரித்தவரே சொல்கிறார். அவர் சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. தன் தோல்வியை, எதிரியின் தெய்வம் ஜெயித்ததை, ஒரு பாதிரியார் ஏன் வருங்காலப் போப்பிடம் போய்ச் சொல்ல வேண்டும்? சாத்தானின் வலிமையைக் காட்டுவதற்காக என்று விளக்கம் சொல்லலாம். அந்தச் சந்தையில் நின்றிருந்த கூட்டத்தில் யாரோ பார்த்ததாகச் சொன்னதை அவரும் பார்த்ததாக நம்பியிருக்கலாம் என்பது என் ஊகம். நாட்டார் கதை அப்படித்தான் பரவுகிறது. அழிக்க வந்தவன் வாயையும் அது விட்டுவைப்பதில்லை.

ஜெரோமின் அடுத்த நிகழ்ச்சி காட்டைப் பற்றியது. புனித வனங்களை வெட்டத் தொடங்குகிறார். தொடக்கத்தில் மரத்தைத் தொட யாரும் துணியவில்லை; இவர் கோடரியைக் கையில் எடுத்துக் காட்டிய பிறகுதான் மற்றவர்கள் வெட்டினார்கள். அப்போது பெண்கள் பெரும் கூட்டமாக அழுதுகொண்டு விதவ்தஸிடம் போகிறார்கள். கடவுளின் வீட்டை வெட்டிவிட்டார்கள், அங்கேதான் மழை கேட்டோம், அங்கேதான் வெயில் கேட்டோம், இனி அவரை எங்கே போய்த் தேடுவது என்று கேட்கிறார்கள். இன்னும் சில சின்ன வனங்கள் இருக்கின்றன, அவற்றையும் வெட்டப் போகிறார் என்கிறார்கள். பின்னால் ஆண்களும் வருகிறார்கள். விதவ்தஸ் கெட்டிக்கார அரசன். கிறிஸ்துவுக்கு ஜனங்கள் குறைந்தாலும் பரவாயில்லை, தனக்குக் குறையக் கூடாது என்று முடிவு செய்து துறவியைத் திருப்பி அனுப்பிவிட்டான் என்று பிக்கொலோமினி ஒரு குத்தலோடு எழுதுகிறார். 'சின்ன வனங்கள்' என்ற அந்த விவரத்தை எந்த லத்தீன் அறிஞனும் கற்பனை செய்திருக்க மாட்டான். பெரிய காடு போய்விட்டது, மிஞ்சியதையாவது விடுங்கள் என்பது மனுக் கொடுக்கிறவர்களின் கணக்கு. அந்தப் பெண்களின் குரல் இரண்டு ஆண்களின் வாய் தாண்டி, ஒரு அந்நிய மொழி தாண்டி, அந்த ஒரு விவரத்தில் மட்டும் பிழைத்திருக்கிறது.

ஹெர்பர்ஸ்டைனிடம் இன்னொரு சம்பவம் இருக்கிறது. மாஸ்கோவிலிருந்து திரும்பும் வழியில் வில்னியூஸுக்கு அருகே த்ராகாய் ஊரில் அவர் தங்கிய வீட்டுக்காரன் சொன்னது. அவன் பாம்பு கும்பிடும் ஒருவனிடம் சில தேன்கூடுகள் வாங்கினான். வியாபாரத்தோடு நிற்காமல், அவனைக் கிறிஸ்து பக்கம் திரும்பச் சொல்லி, கும்பிட்ட பாம்பைக் கொல்லவும் செய்தான். கொஞ்ச காலம் கழித்துத் தேனீக்களைப் பார்க்கத் திரும்பிப் போனபோது அந்த ஆளின் முகம் விகாரமாகியிருந்தது. வாய் காது வரைக்கும் இழுத்துக்கொண்டிருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, என் தெய்வத்தின்மேல் கை வைத்தேன், தண்டனை, பழையபடி கும்பிடவில்லை என்றால் இன்னும் மோசமாக வரும் என்றான்.

மருத்துவம் தெரிந்தவர்கள் இதை வாதம் என்பார்கள். இருக்கட்டும். நான் பார்ப்பது வேறு. தேன்கூடு விற்ற அந்த மனிதனுக்குப் பெயர் இல்லை. அவன் தன் தெய்வத்தைக் கொன்றது நம்பிக்கை மாறியதாலா, வாங்க வந்தவனைப் பகைத்துக்கொள்ள முடியாததாலா என்பதை யாரும் கேட்கவில்லை. காட்டுத் தேன் எடுப்பவனுக்கு வாங்குகிறவன்தான் உலகம். கொன்றான், பிறகு வருந்தினான், வருத்தம் முகத்தில் ஏறிவிட்டது. இத்தனை நூற்றாண்டு ஆவணங்களில் ஜால்தீஸைக் கும்பிட்டவன் ஒருவன் தன்னைப் பற்றித் தானே பேசுவது இந்த ஒரே இடத்தில்தான் எனக்குக் கிடைத்தது. அவன் பேச்சும் கோணிய வாயிலிருந்து வருகிறது.

மீதி எல்லாம் பகைவர் வாக்குமூலம். 1595இல் மிகாலோயஸ் தௌக்ஷா லித்துவேனிய மொழியில் வெளியிட்ட ஞானோபதேசம், முதல் கட்டளைக்கு எதிராகப் பாவம் செய்கிறவர்களைப் பட்டியல் போடும்போது நெருப்பு, இடி, மரம், வனம், பாம்பு எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கிறது. இன்று அந்த மதத்தைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு அந்தப் பாவப் பட்டியல்தான் மூலநூல். குற்றப்பத்திரிகையை வைத்துக்கொண்டு குற்றவாளியின் வாழ்க்கை வரலாற்றை எழுதுவது போன்ற காரியம் இது. மரியா கிம்புதஸ் 1989இல் வெளியிட்ட தேவியின் மொழி பற்றிய நூலில் இந்தப் பாம்பைப் புதிய கற்காலத்துத் தாய்த் தெய்வம் வரைக்கும் கொண்டுபோகிறார். அவரது அகழாய்வு அறிவு பெரிது. ஆனால் இந்த இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. மூலையில் கிடந்த வைக்கோலை விட்டுவிட்டு ஐயாயிரம் ஆண்டு தாண்டிப் போகிறவர் தேன்கூடு விற்றவனைப் பார்க்க முடியாது. அமைப்பியல் பேசுகிற நம் நண்பர்கள் அடிக்கடி சொல்லும் கிரெய்மாஸ் ஒரு லித்துவேனியர் என்பதை எத்தனை பேர் கவனித்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. 1979இல் அவர் லித்துவேனியத் தொன்மம் பற்றித் தன் தாய்மொழியில் எழுதிய நூல் சிகாகோவில் வந்தது. அதில் ஐத்வரஸ் என்ற, வெளியே நெருப்பு வாலோடு பறந்து அயல் வீட்டுத் தானியத்தைத் திருடி வந்து எஜமானனிடம் கொட்டும் டிராகனை விரிவாக ஆராய்கிறார். அதுவும் சோறு போட்டு வளர்க்கப்படுவதுதான். பாரிஸில் சூத்திரங்களாக எழுதியவர் தன் மொழிக்கு வந்ததும் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசுகிறார். அந்த வித்தியாசம் நாம் யோசிக்க வேண்டியது.

பகைவர் எழுதாத ஆவணம் ஒன்று உண்டு. அது கதை. 'எக்லே, பாம்புகளின் ராணி' முதலில் அச்சேறியது 1837இல். பிறகு நூற்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் சேகரிக்கப்பட்டன. கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பன்னிரண்டு அண்ணன்மார், மூன்று சகோதரிகள். கடைக்குட்டி எக்லே குளித்துவிட்டுக் கரையேறினால் சட்டைக் கைக்குள் ஒரு பாம்பு. என்னைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொல், இறங்கிப் போகிறேன் என்கிறது. சொல்கிறாள். மூன்றாம் நாள் ஆயிரக்கணக்கில் பாம்புகள் பெண் கேட்டு வருகின்றன. வீட்டார் வாத்தை, ஆட்டை, கிடாரியைப் பெண் என்று சொல்லி அனுப்பிப் பார்க்கிறார்கள். குயில் காட்டிக்கொடுக்கிறது. கடைசியில் எக்லே போகிறாள். கரையில் நிற்பது ஜில்வினஸ் என்ற அழகிய இளைஞன். மூன்று பையன்கள், ஒரு பெண். ஒன்பது ஆண்டுக்குப்பின் தாய்வீடு போக ஆசைப்படுகிறாள். அவன் தீராத பஞ்சை நூற்கச் சொல்கிறான், இரும்புச் செருப்பைத் தேய்க்கச் சொல்கிறான், பாத்திரமில்லாமல் பணியாரம் சுடச் சொல்கிறான். எல்லாவற்றையும் முடித்தபின் ஒன்பது நாள் அனுமதி. திரும்பி வரும்போது கரையில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. உயிரோடிருந்தால் பால் நுரை வரும், இல்லாவிட்டால் ரத்த நுரை வரும். பெயரை யாரிடமும் சொல்லாதே என்கிறான். அண்ணன்மாருக்கு அவளைத் திருப்பி அனுப்ப மனமில்லை. பையன்களைக் காட்டுக்குக் கூட்டிப்போய் அடித்துப் பெயர் கேட்கிறார்கள். பையன்கள் சொல்லவில்லை. சின்னப் பெண் பிரம்பைப் பார்த்ததும் சொல்லிவிடுகிறாள். பன்னிரண்டு பேரும் அரிவாள்களோடு கரைக்குப் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவனை வெட்டிப்போடுகிறார்கள். எக்லே வந்து கூப்பிடுகிறாள். ரத்த நுரை. அவள் பிள்ளைகளை மரமாக்குகிறாள்: ஓக், ஆஷ், பிர்ச். சொல்லிவிட்ட பெண் ஆஸ்பென்; நம் அரச இலை போலக் காற்றில்லாமலே நடுங்கும் மரம். தான் ஊசியிலை மரமாகிறாள். எக்லே என்றால் அந்த மரத்தின் பெயர்தான்.

பேஸலிலும் வியன்னாவிலும் அச்சானவற்றுக்குத் தெரியாதது இதில் இருக்கிறது. கதையில் பாம்பைச் சாத்தான் என்று யாரும் சொல்வதில்லை, தெய்வம் என்றும் சொல்வதில்லை. அது மாப்பிள்ளை. கொல்கிறவன் ஈட்டி தூக்கிய வெளிநாட்டு வீரன் இல்லை, கூடப் பிறந்தவன். கையில் இருப்பது புல்லறுக்கும் அரிவாள். தங்கைமேல் பாசத்தால் கொல்கிறார்கள் என்பதைக் கதை மறைக்கவில்லை, மன்னிக்கவுமில்லை. ஜெரோம் சந்தைக்குக் கொண்டுவரச் சொன்னார், கொண்டுவந்தவர்கள் யார்? அந்தந்த வீட்டுக்காரர்கள். த்ராகாய் தேன்காரன் தன் கையால்தான் கொன்றான். ஆவணங்கள் இந்த இடத்தைச் செயப்பாட்டு வினையில் தாண்டிவிடுகின்றன, கதை தாண்டவில்லை. மதமாற்றத்தின் ஞாபகம்தான் இந்தக் கதை என்று நான் சாதிக்கவில்லை. பாம்பு மாப்பிள்ளைக் கதைகள் உலகமெங்கும் உண்டு. ஆனால் பெயரைக் காட்டிக்கொடுத்து அதனாலேயே சாகடிக்கும் இந்த முடிவை இந்த மக்கள் அவ்வளவு பிடிவாதமாகப் பாதுகாத்ததற்கு ஏதோ காரணம் இருந்திருக்க வேண்டும்.

பின்னால் காரணங்கள் வந்து சேர்ந்தன. 1864 முதல் 1904 வரை ஜார் ஆட்சி லித்துவேனிய மொழியை லத்தீன் எழுத்தில் அச்சிடத் தடை விதித்திருந்தது. பிரஷ்யாவில் அச்சிட்டு இரவில் எல்லை தாண்டிச் சுமந்து வந்தார்கள். பிடிபட்டவனிடம் கேட்கப்பட்டது பெயர்கள்தான். 1940இல் சோவியத் படை வந்தது. 1941 ஜூனில் முதல் பெருந்தொகை நாடுகடத்தல். 1944க்குப் பின் சுமார் பத்தாண்டு காட்டில் ஆயுதத்தோடு மறைந்திருந்தவர்களைச் சகோதரர்கள் என்றே அழைத்தார்கள். இந்தக் கதை தெரிந்த காதுக்கு அந்தச் சொல் எப்படிக் கேட்டிருக்கும்?

அந்த 1940இல்தான் சலோமியா நேரிஸ் எக்லே கதையைக் கவிதையாக்கி வெளியிட்டார். அந்த மொழியின் அருமையான கவிகளில் ஒருவர். அப்போது வயது முப்பத்தைந்து. அதே ஆண்டு ஆகஸ்டில், லித்துவேனியாவை சோவியத் யூனியனில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்க மாஸ்கோ சென்ற தூதுக்குழுவில் அவர் இருந்தார். ஸ்டாலினைப் பற்றி ஒரு நெடுங்கவிதையும் எழுதினார். இதை வைத்து அவரைத் துரோகி என்று எழுதியவர்களும் உண்டு, குழந்தை மனம் என்று விட்டவர்களும் உண்டு. எனக்கு இரண்டும் சுலபமான வழியாகத் தெரிகிறது. பெயரைச் சொல்லிவிட்ட மகளை ஒரு தாய் நடுங்கும் மரமாக்கும் கதையை, அந்த ஆண்டில், அந்தக் கை எழுதியிருக்கிறது. எழுதும்போது தான் யார் என்று அவர் நினைத்துக்கொண்டார்? எக்லேயா, ஆஸ்பெனா, அரிவாள் பிடித்தவர்களில் ஒருவரா? நம்முடைய விமர்சனத்தில் கவிஞனின் கட்சி அட்டையைப் பார்த்துக் கவிதையைத் தள்ளுகிறவர்களும், கவிதையைப் பார்த்து அட்டையை மறந்துவிடச் சொல்கிறவர்களும் இந்தக் கேள்வியை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

போர் ஆண்டுகளை நேரிஸ் ரஷ்யாவில் கழித்தார். தாயகத்துக்கான ஏக்கம் நிறைந்த கவிதைகளைத் தொகுத்துப் பிரதி கொடுத்தார். பதிப்பித்தவர்கள் பலவற்றைத் திருத்தினார்கள், சிலவற்றை நீக்கினார்கள், அவர் வைத்த தலைப்பையும் எடுத்துவிட்டு வேறு தலைப்புப் போட்டார்கள். 1945இல் புத்தகம் அப்படித்தான் வந்தது. அதே ஆண்டு ஜூலையில் அவர் மாஸ்கோவில் இறந்தார்.